சேச்சி மடியில் வைத்த தேங்காய்

அவர் முன்னால் ‘அழகு’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். துப்பட்டாவின் நுனியால் துடைப்பார், அழுக்கே இல்லாத கண்ணாடியை, தேய்ந்தே போய்விடும் போல. துடைப்பது நீண்டால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர்கள் தரையைப் பார்ப்பார்கள். குரல் உயராது. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்போம்.

முதல் சனிக்கிழமையே நான் மாட்டினேன். முற்றத்துச் சேம்பிலையில் மழைத்துளி உருண்டுகொண்டிருந்தது. எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா. பாதரசம் மாதிரி எவ்வளவு அழகு என்றேன். கண்ணாடி கழன்றது.

“மாதிரியும் வேண்டாம், அழகும் வேண்டாம் சார். அது என்ன செய்யுது? அதை மட்டும் சொல்லுங்க.”

என் தங்கை மகள் வள்ளி, எட்டு வயது, குனிந்து பார்த்துவிட்டு, “இலை நனையல” என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறந்து மாதக்கணக்காகியிருந்தது. அவர் அதற்குக் கைதட்டவில்லை, சபாஷ் போடவில்லை. “ஏன் நனையலன்னு பாரு மக்ளே” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

எல்லாரும் அவரைச் சேச்சி என்றார்கள், மலையாளத்தில் அக்கா. நாகர்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஆனால் திருவனந்தபுரத்தில் டீச்சர் என்றோ மேடம் என்றோ கூப்பிட விடாத ஒரு பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது. கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில், மழை பெரிதாகப் பெய்தால் வெள்ளம் படியேறிவிடும் ஒரு வாடகை வீடு. பின்முற்றத்தில் ஒரு பலா, கொஞ்சம் சேம்பு, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் சில, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை அங்கே கொண்டுவிடும். ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கும். செடி கொடியும் பூச்சி பறவையும் செய்வதைப் பார்த்து நமக்கு வேண்டியதைச் செய்துகொள்கிற அந்தப் பாடத்துக்கு ஒரு பெரிய இங்கிலீஷ் பெயர் உண்டு. பெற்றோர்கள் அந்தப் பெயரை வாட்ஸாப்பில் பெருமையாக எழுதிக்கொள்வார்கள். அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டே கேள்விகள்தான். வீட்டில் உன் தொந்தரவு என்ன? அதே தொந்தரவு வெளியே வேற ஆருக்கு இருக்கு?

ஒருத்திக்கு மழைக்காலத்தில் சட்டை காயவில்லை என்பது தொந்தரவு. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். மூழ்கி எழுந்த நீர்க்காகம் ஒன்று கம்பத்தின் மேல் சிறகை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. மறுவாரம் அந்தப் பெண் ஈர்க்குச்சியும் நூலும் வைத்து, சட்டையின் இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கிற ஒரு கொக்கி செய்துகொண்டு வந்தாள். கோணலாக இருந்தது, தொங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் அம்மா அதை நிமிர்த்தக் கை நீட்டினார். அவ்வளவுதான். அந்த அம்மாவின் கையில்தான் அன்று முதல் தேங்காய் வந்து உட்கார்ந்தது.

தேங்காய்ச் சங்கதியைச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் கைகளை அவர் நம்பவே மாட்டார். பெற்றோர்கள் பார்க்கலாம், கொட்டகையின் ஓரத்தில் வரிசையாக உட்காரலாம். ஆனால் ஆளுக்கொரு உரிக்காத தேங்காயை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். முழு வகுப்புக்கும். மட்டையோடு இருக்கும் தேங்காய், கனம். கீழே வைத்தால் அந்த ஆள் வெளியே. டாக்டர்கள் பிடித்திருந்தார்கள், பேங்க் மேனேஜர் பிடித்திருந்தார், நான் பிடித்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன், இதைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில்ல கொண்டு உடைச்சாலாவது புண்ணியம் கிடைக்கும் என்று என் காதில் முணுமுணுத்தார். சேச்சிக்குப் பாம்புக் காது.

“உடைங்க சார். கை ரெண்டும் கும்பிட்டுட்டு இருக்கும்லா, பிள்ளைக்கு அது போதும்.”

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய கோபத்தை நான் சேர்த்துவைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் எல்லாத் துண்டுகளும் அளவாக வெட்டி வைத்திருக்கிற, ‘இயற்கையிலிருந்து கற்போம்’ என்று மேலே அச்சடித்த ஒரு சாமானை யாரோ ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்தபோது, அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். இலையைப் பாக்கெட்டில் அடைத்தவன் நாளைக்கு மழையையும் அடைப்பான் என்றார். விழிஞ்ஞம் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று, அலையை உடைக்கப் போட்டிருந்த கான்கிரீட் கால்களையும் அதனடியில் மணலில் வளை தோண்டும் நண்டையும் பார்த்து ஒரு தாய், பாருங்கள் பிள்ளைகளே, இயற்கை நமக்கு எவ்வளவு சொல்லித் தருகிறது என்று ஆரம்பித்தார். சேச்சி மணலில் சட்டென்று நின்றார். காற்றில் துப்பட்டா பறக்க, கண்ணாடி கையில்.

“அது ஒண்ணும் உங்களுக்குச் சொல்லித் தரல. நண்டு அதும்பாட்டுக்கு சாகாம இருக்கப் பாக்குது. நாம ஒளிஞ்சு நின்னு பாக்கோம். வெக்கமா இருக்கணும் நமக்கு.”

அந்தத் தாய் அதன்பின் வரவில்லை. இந்த மனுஷிக்கு நல்ல வார்த்தையே வராதா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்த வள்ளி, வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அம்மாவிடம் நண்டு எப்படி மணலை உருட்டி வெளியே தள்ளுகிறது என்று அரைமணி நேரம் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை தட்டைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்னே சேச்சி ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தாராம். இது அவர் சொன்னதில்லை, காதில் விழுந்தது. கடலோரத்தில் ஒரு ஹோட்டலைச் சங்கு வடிவத்தில் கட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். சங்கு என்ன செய்யும், உங்க கட்டிடம் அதுல எதைச் செய்யும் என்று இவர் கேட்டிருக்கிறார். சங்கு மாதிரித் தெரிந்தால் போதும் என்று பதில். உள்ளே வெந்து சாக ஒரு சங்கு எதற்கு என்று எழுந்து வந்தவர்தான், பிறகு அந்த ஆபீஸ் படியேறவில்லை. உண்மையோ பொய்யோ. நம்பும்படியாக இருந்தது.

இனி வள்ளி.

பள்ளிக்கூட கேட்டைப் பார்த்ததும் வாந்தியெடுப்பாள். வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ், விளையாடுகிற இடத்தில் மலையாளம். மூன்றிலும் வாய் பூட்டிக்கொண்டது. டாக்டர்கள் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். என் தங்கை பிடிவாதமாக நிறுத்தினாள். தங்கையின் கணவருக்குக் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து அவருடைய அப்பா போன் செய்யும்போதெல்லாம் பேத்தி எந்தக் கிளாஸ் என்று கேட்பார். இவர் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். கடைசியில் ஒரு ஏற்பாடு. ஒரு வருஷம் பார்ப்பது. வருஷக் கடைசியில் சேச்சியின் முற்றத்தில் பிள்ளைகள் செய்ததை எல்லாரும் பார்க்க வைக்கிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு வள்ளியின் காரியம் உருப்படியாக இருந்தால் இப்படியே தொடரலாம். இல்லையென்றால் ஜூன் முதல் பழைய பள்ளிக்கூடம், பழைய கேட்.

வள்ளியின் தொந்தரவு தண்ணீர். பழவங்காடிக் கோயிலுக்குப் பின்னால் இறங்குகிற சந்தில், சரிவின் அடியில் எங்கள் வீடு. மழை வந்தால் மேலேயிருந்து வருகிற தண்ணீரெல்லாம் எங்கள் வாசலுக்குத்தான் வரும், செருப்புகள் மிதக்கும். அதே தொந்தரவு வேறு யாருக்கு என்று தேடி, சேச்சியின் பலா மரத்தடியில் சரிவில் இருந்த ஓர் எறும்பு வளையைக் கண்டுபிடித்தாள். மழைக்கு முன்னால் பார்த்தாள், மழைக்குப் பின்னால் பார்த்தாள். அந்த வளையைச் சுற்றி மண் கரை. மேட்டுப் பக்கம் உயரமாக, பிறை மாதிரி வளைந்து. பள்ளத்துப் பக்கம் கரையே இல்லை, திறந்து கிடந்தது. எல்லா எறும்பும் அப்படித்தான் கட்டுமா என்று எனக்குத் தெரியாது. அந்த எறும்புகள் அப்படிக் கட்டியிருந்தன.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் அட்டையில் ஒரு வீடு, வீட்டுக்கு மேட்டுப் பக்கம் செம்மண்ணால் ஒரு கரை கட்டினாள். வாரக்கணக்காகக் கட்டினாள். தண்ணீர் ஊற்றுவாள், கரையும், மறுபடி கட்டுவாள். வைக்கோல் கலந்தாள், நிற்கவில்லை. தேங்காய் நாரைப் பிய்த்துக் கலந்தாள், நின்றது. அவலட்சணமான ஒரு பிறை. ஒரு முனை தடி, ஒரு முனை மெலிவு. வீட்டுக்குள்ளே காகிதத்தில் வெட்டி நாலு பேரைக் குடிவைத்திருந்தாள்: அம்மா, அப்பா, மாமா, அவள். சேச்சி ஒருநாள் அதன் பக்கத்தில் நெடுநேரம் குந்தியிருந்ததைப் பார்த்தேன். தொடவில்லை. தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பார்க்க வைக்கிற அந்த நாளுக்கு முந்தின தினம் வள்ளி குளித்துக்கொண்டிருந்தபோது தங்கையின் கணவர் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தீய எண்ணம் கடுகளவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். தீய எண்ணத்தோடு செய்பவனைத் திட்டலாம். பிரியத்தோடு வந்து பிள்ளையின் கையைப் பிடுங்குகிறவனை என்ன செய்ய. மகள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் செய்தார். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும், இனிமேல் எந்தக் கிளாஸ் என்று யாரும் கேட்கக் கூடாது. முக்கால் வட்டமும் இல்லாமல் அரை வட்டமும் இல்லாமல் என்ன இது என்று, திறந்திருந்த பள்ளத்துப் பக்கத்தையும் அடைத்து முழு வட்டமாக்கினார். மேலே பிளாஸ்டர் பூசி, வழவழவென்று தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்தார். பிசிறில்லாத ஒரு வட்டம். குளித்து வந்த வள்ளி பலகையைச் சுற்றி வந்து பார்த்தாள். நல்லா இருக்கா என்று கேட்டதற்குத் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. நானும் தங்கையும் அவரோடு சண்டை போட்டோம். பிளாஸ்டர் அதற்குள் இறுகியிருந்தது.

மறுநாள் சேச்சியின் முற்றம் நிறையக் கூட்டம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வள்ளியின் பலகை முன் நின்றார். கண்ணாடி கழன்றது. துடைத்தார், துடைத்தார்.

“இது ஆருக்க கை?”

“கொஞ்சம் ஃபினிஷிங் மட்டும்தான் சேச்சி” என்றார் தங்கையின் கணவர், சிரித்துக்கொண்டே. “ஐடியா பூரா பிள்ளையோடதுதான்.”

சேச்சி செடிக்கு ஊற்றுகிற பூவாளியை எடுத்தார். பலகைக்கு மேலே பிடித்துச் சாய்த்தார். மழை பெய்தது. மேட்டுத் தண்ணீரைக் கரை தடுத்தது, உண்மைதான். ஆனால் வட்டத்துக்குள்ளே பெய்த மழைக்குப் போக வழியில்லை. மெல்ல மெல்ல ஏறியது. அட்டை வீட்டின் அடி ஊறி, சுவர் வளைந்து, கூரை தலை குப்புற விழுந்தது. பச்சை வட்டத்துக்குள் நாலு காகித ஆட்கள் மிதந்தார்கள்.

“கிண்ணம் கட்டியிருக்கீங்க சார். நடுவுல குடும்பத்தைப் போட்டு முக்கியிருக்கீங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். அவர் வள்ளியின் மணிக்கட்டைப் பிடித்தார். “போதும். ஜூன்ல ஸ்கூலுக்குப் போறே. வா.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டடி நடந்தார்.

வள்ளி கையை உருவிக்கொண்டாள். அப்பாவின் பக்கம் போகவில்லை. சேச்சியின் முன்னால் வந்து நின்றாள். வீட்டுக்கு வெளியே அவளுடைய முழுக் குரலை அந்த முற்றத்தில் இருந்த யாரும் அதுவரை கேட்டதில்லை, நான் உட்பட.

“நீங்க எதுக்குத் தண்ணி ஊத்துனீங்க?”

சேச்சி பூவாளியோடு நின்றார்.

“அப்பா எங்கிட்ட கேக்காம ஒட்டுனாங்க. நீங்களும் கேக்கல. உள்ள ஆளுங்க இருந்தாங்க. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்துனீங்க. அப்பா மேல கோவம்னா அப்பா மேல ஊத்த வேண்டியதுதானே.”

சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் சுடச்சுடப் பதில் வைத்திருந்த சேச்சி பூவாளியைக் கீழே வைத்தார்.

“ஆமா மக்ளே. கேக்கல” என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கேட்டில் பூட்டு. தட்டினேன், கூப்பிட்டேன். வந்து கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். இனி வகுப்பு இல்லையாம். தன் கையும் மற்றவர்கள் கையைப் போலத்தானாம், அதைத் தெரிந்துகொண்ட பிறகு பிள்ளைகள் நடுவில் உட்கார முடியாதாம். எனக்கு வந்ததே ஒரு கோபம், அது அவரிடமிருந்து தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும். தோற்றால் மறுபடி கட்டு என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்ன ஆள் நீங்கள். நீங்கள் ஒரு தடவை தோற்றால் கதவை அடைத்துக்கொள்வீர்களா? அந்தப் பிள்ளை இத்தனை மாதம் கரைந்த மண்ணை வைத்துக் கட்டினாளே, அவளுக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்லையா? ஏழெட்டுப் பிள்ளைகளுடைய சனிக்கிழமையை எந்த உரிமையில் பூட்டுகிறீர்கள், அவர்களைக் கேட்டீர்களா?

கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. “நீங்க சொல்லியது சரி” என்றார். ஆனாலும் திறக்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார். பொன்முடிப் பக்கம் எஸ்டேட்டில் யாருடனோ இருக்கிறார் என்றார்கள். இல்லை, மறுபடி ஏதோ ஆபீசில் பிளான் வரைகிறார் என்றார்கள். நம்பர் மாறிவிட்டது. சரியாகக் கோபப்படத் தெரிந்த ஒரே ஆள், தன் மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஊரைவிட்டுப் போனார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.

ஜூனில் வள்ளி பள்ளிக்கூடம் போனாள். கேட் வந்ததும் வாந்தியெடுத்தாள், வாய் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அப்படியே சில நாட்கள். ஒருநாள் சாயங்காலம் வகுப்பு டீச்சர் போன் செய்தார். தங்கையின் கணவர் ஸ்பீக்கரில் போட்டார். குழந்தை வரைந்துகொண்டிருந்த படத்தைத் திருத்திக் காட்டலாம் என்று பென்சிலோடு அவள் கையைப் பிடித்தாராம். அவள் கையை விலக்கிவிட்டு, கேட்காமல் தொடக் கூடாது என்று வகுப்பே கேட்கும்படி சொன்னாளாம். எதிர்த்துப் பேசுகிறாள், நாளை அப்பா வந்து பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும்.

வழக்கமாக மன்னிப்புக் கேட்கிற மனிதர் அவர். ஆபீஸ் மலையாளத்தில், தேன் ஒழுகப் பேசுவார். அன்று போனை உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“தொடுறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டீங்களா டீச்சர்?”

குரல் உயர்த்தாமல்தான் கேட்டார். உயர்த்தியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

தரையில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்த மகளிடம் திரும்பினார். “நாளைக்கு நான் உள்ள வரட்டுமா, இல்ல நீயே பேசிக்கிடுவியா?”

வள்ளி யோசித்தாள். ஒரு ஷூவைக் கழற்றி முடிக்கிற வரைக்கும் யோசித்தாள்.

“வாங்க” என்றாள். “ஆனா சும்மா நிக்கணும். நாந்தான் பேசுவேன்.”